ராணுவப் பள்ளிகள் மொழி கற்பிக்கும் முறை: வீட்டிலிருந்தே பின்பற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து என் பெரியப்பா படையில் சேர்ந்தபோது அவருக்கு இந்தி அறவே தெரியாது. குன்னூரை அடுத்த வெலிங்டனில் பயிற்சி. முதல் நாள் மைதானத்தில் உஸ்தாத், அதாவது பயிற்சி தருபவர், "சாவ்தான்!" என்று குரல் கொடுத்ததும் பக்கத்தில் நின்றவன் குதிகால்களைச் சேர்த்தான், இவரும் சேர்த்தார். "விஷ்ராம்!" என்றதும் அவன் காலை அகட்டினான், இவரும் அகட்டினார். "தாஹினே முட்" என்றால் வலப்பக்கம் திரும்ப வேண்டும், "பீச்சே முட்" என்றால் முழுதாகப் பின்னால் திரும்ப வேண்டும், "தம்" என்றால் நிற்க வேண்டும். ஒரு சொல்லுக்கும் யாரும் தமிழில் பொருள் சொல்லவில்லை. நான்கே மாதத்தில் மைதானத்து இந்தி முழுவதும் அவர் உடம்பில் ஏறிவிட்டது. ஆனால் அதே நான்காவது மாதம் காய்ச்சலில் மருத்துவமனைக்குப் போனபோது, எங்கே வலிக்கிறது என்று சொல்ல அவருக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

எதற்காகப் பழகினாரோ அது வந்தது, பழகாதது வரவில்லை. உலகின் ராணுவ மொழிப்பள்ளிகள் எல்லாம் இந்த உண்மையின் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. எங்கள் ஊரில் படைக்குச் சேரும் பிள்ளைகளுக்குப் பத்தாண்டுகளாக மாலை நேரத்தில் இந்தி சொல்லித் தருகிறேன். அந்தப் பள்ளிகளின் வரலாற்றைத் தேடிப் படித்து, அங்கிருந்து எடுத்ததையும் எங்கள் திண்ணையில் சோதித்துப் பார்த்ததையும் சேர்த்து இதை எழுதுகிறேன். இந்திக்கு மட்டுமல்ல, ரஷ்யன், சீனம், ஜப்பானியம் என்று எந்த மொழிக்கும் இந்த வரிசை பொருந்தும்.

படி 1: மொழி எதற்கு என்று ஒரே வரியில் எழுதுங்கள்

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1942 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு நகரில் ஒரு சிறிய ஜப்பானிய மொழி வகுப்பு தொடங்கியது. பிரிட்டனின் ரகசியக் குறியீடு உடைக்கும் மையமான பிளெட்ச்லி பார்க்கில், இடைமறித்த ஜப்பானியச் செய்திகளைப் படிக்க ஆள் இல்லை. ஆறு மாதத்தில் ஆட்களைத் தயார் செய்ய வேண்டும் என்றார் அங்கிருந்த ராணுவ அதிகாரி ஜான் டில்ட்மன். மொழிப் பேராசிரியர்கள் நடக்காத காரியம் என்றார்கள். பொறுப்பை ஏற்ற ஆஸ்வால்ட் டக் ஓய்வு பெற்ற கடற்படைக் கேப்டன். ஜப்பானியத்தைத் தானாகவே கற்றவர். மாணவர்களில் பெரும்பாலோர் ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் லத்தீனும் கிரேக்கமும் படித்த இளைஞர்கள். ஆறு மாதத்தில் அவர்கள் பிளெட்ச்லிக்கு வேலைக்குப் போனார்கள்.

அவர்களால் டோக்கியோவில் ஒரு தேநீர் வாங்கியிருக்க முடியுமா என்பது சந்தேகமே. பேசுவது அவர்கள் வேலையில்லை. ராணுவத் தந்திகளின் நடையும், அவற்றில் திரும்பத் திரும்ப வரும் சொற்களும், எழுத்துகளும்தான் அவர்களுக்கு வேண்டும். டக் அதை மட்டுமே கற்பித்தார். முடியாது என்று சொன்ன பேராசிரியர்களும் தவறாகச் சொல்லவில்லை. முழு மொழியையும் மனத்தில் வைத்து அவர்கள் கணக்குப் போட்டார்கள். டக் அதில் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்தார்.

ஆகவே "இந்தி கற்க வேண்டும்" என்று எழுதாதீர்கள். "பயிற்சி மையத்தில் முதல் ஆறு மாதம் கட்டளை, உணவு, உடல்நிலை, விடுப்பு ஆகிய நான்கைப் பற்றிக் கேட்டுப் புரிந்து பதில் சொல்ல வேண்டும்" என்று எழுதுங்கள். எந்தப் புத்தகத்தை வாங்குவது, எந்தச் சொல்லை ஒத்திப்போடுவது என்பதையெல்லாம் இந்த ஒரு வரி தீர்மானித்துவிடும்.

படி 2: இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்று அளந்து பாருங்கள்

அமெரிக்க ராணுவம் இதில் அடிபட்டுத்தான் பாடம் கற்றது. ஜப்பானோடு போர் வரும் என்று உணர்ந்து, சான்பிரான்சிஸ்கோவில் கைவிடப்பட்ட ஒரு விமானக் கொட்டகையில் 1941 நவம்பர் 1 அன்று ஒரு ரகசியப் பள்ளியைத் தொடங்கினார்கள். ஒதுக்கீடு 2,000 டாலர், ஆசிரியர்கள் நால்வர், மாணவர்கள் 60 பேர். அவர்களில் 58 பேர் நிசேய், அதாவது அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியப் பிள்ளைகள். வீட்டில் ஜப்பானியம் பேசுகிறவர்கள்தானே, சிறிது தீட்டினால் போதும் என்று அதிகாரிகள் நினைத்தார்கள். படையில் இருந்த சுமார் 3,700 நிசேய்களை நேரில் சோதித்தபோது, சரளமாக அறிந்தவர்கள் வெறும் 3 சதவீதம், ஓரளவு தேர்ந்தவர்கள் 4 சதவீதம். இன்னொரு 3 சதவீதத்தினரை நீண்ட பயிற்சி தந்தால் பயன்படுத்தலாம். மற்றவர்களுக்கு அம்மாவிடம் சோறு கேட்கிற அளவு மொழிதான் இருந்தது.

நம்மிடமும் இதே மயக்கம் உண்டு. "பையனுக்கு இந்தி நன்றாகத் தெரியும், மூன்று வருடம் சூரத்தில் இருந்தான்" என்பார்கள். கடையில் பேரம் பேச வரும். ஒரு செய்தி அறிக்கையைக் கேட்டு நான்கு வரி சொல்லச் சொன்னால் விழிப்பான்.

அமெரிக்க அரசு 0 முதல் 5 வரை ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. மனப்பாடச் சொற்களோடு நிற்பவர் 0. பயணத்துக்கும் அன்றாடத் தேவைக்கும் சமாளிப்பவர் 1. நடந்ததையும் நடக்கப்போவதையும் கோவையாகச் சொல்பவர் 2. தொழில்முறை விவாதத்தில் ஈடுகொடுப்பவர் 3. படித்த தாய்மொழியாளருக்கு நிகரானவர் 5. கேட்டல், படித்தல், பேசுதல் மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். கலிபோர்னியாவின் மான்டரேயில் உள்ள அமெரிக்கப் படைகளின் மொழிப்பள்ளியில் தேற, கேட்டலில் 2, படித்தலில் 2, பேச்சில் 1-ஐத் தாண்டிய நிலை வேண்டும் என்பது நெடுநாள் விதியாக இருந்தது. பேச்சுக்குக் குறைவாகவும் காதுக்கு அதிகமாகவும் கேட்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அதன் காரணம் நான்காம் படியில் விளங்கும்.

இன்றே உங்களுக்கு மூன்று எண்கள் போட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். உள்ளதைவிட உயர்த்திப் போடாதீர்கள், பிறகு வளர்ச்சி தெரியாமல் போய்விடும்.

படி 3: காலக் கணக்கு

மான்டரேயில் ஸ்பானிஷ், பிரெஞ்சு போன்றவற்றுக்கு 36 வாரம். ரஷ்யன், பாரசீகம் வகைக்கு 48. அரபு, சீனம், கொரியன், ஜப்பானியத்துக்கு 64. வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஆறேழு மணி நேரம் வகுப்பு, இரவில் இரண்டு மூன்று மணி நேரம் வீட்டுப்பாடம். வகுப்பை மட்டும் நாளுக்கு ஆறு மணி என்று வைத்தாலும் 36 வாரம் என்பது 1,080 மணி நேரம், 64 வாரம் என்பது 1,920. நாளுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குகிறவருக்கு முதலாவது ஒன்றரை ஆண்டு. இரண்டாவது இரண்டே முக்கால் ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவு. முப்பது நாளில் மொழி என்று விற்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

ஒரு திருத்தம் மட்டும் அவசியம். அந்த வகைப்பாடு ஆங்கிலம் பேசுபவருக்காகப் போட்டது. நமக்கு அது அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு மிகக் கடினமான வரிசையில் இருக்கும் ஜப்பானியத்தைப் பாருங்கள்: "வதாஷி வா கினோ டோக்கியோ நி இகிமாஷிதா." நான், நேற்று, டோக்கியோவுக்கு, போனேன். சொல் வரிசை நம்முடையதே. "நி" நம் நான்காம் வேற்றுமை "கு" போலப் பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. கேள்வியாக்க வேண்டுமா, கடைசியில் "கா" சேர்த்தால் போதும். நாம் "போனீர்களா" என்று "ஆ" சேர்ப்பது போலத்தான். ஓர் அமெரிக்கச் சிப்பாய் பல மாதம் தலைகீழாக நின்று பழகுவது நமக்குப் பிறவியிலேயே கிடைத்திருக்கிறது. எழுத்துகள் மட்டும் அவருக்கும் நமக்கும் ஒரே மலைதான். அதே அமெரிக்கர்களின் தூதர்களுக்கான பள்ளியில் தமிழுக்கு 44 வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன். நம் மொழி அவர்களுக்கு எவ்வளவு பாடு என்று தெரிந்தால், நாம் படும் பாடு கொஞ்சம் லேசாகும்.

படி 4: முதல் ஒரு மாதம் காதுக்கு

படையில் மொழி தெரிந்தவரின் பெரும்பாலான வேலை கேட்பதுதான். வானொலியில் ஒருவர் அவசரமாக, இரைச்சலுக்கு நடுவே, தனக்குள் பேசிக்கொள்வது போலச் சொல்வதைப் பிடிக்க வேண்டும். திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்க வழியில்லை.

தமிழருக்கு இந்தியில் வரும் முதல் இடறல் காதிலேயே இருக்கிறது. "காலி" என்று தமிழில் எழுதுங்கள். இந்தியில் அது மூன்று வேறு சொற்களாக இருக்கலாம். ஒன்று கறுப்பு நிறத்தது, ஒன்று வெறுமையானது, நாம் "காலி இடம்" என்று சொல்லும் அதே சொல், ஒன்று வசவு. முதலாவதில் வல்லின "க". இரண்டாவதில் தொண்டையிலிருந்து மூச்சுத் தள்ளி வரும் "க". மூன்றாவதில் "தங்கம்" என்ற சொல்லில் ஒலிப்பது போன்ற அதிர்வுள்ள "க". நம் எழுத்து மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறது. இது நம் எழுத்தின் குறையன்று. தமிழுக்கு அந்த வேறுபாடு தேவைப்படவில்லை. ஆனால் தமிழ் எழுத்தில் அச்சிட்ட புத்தகத்தை வைத்து இந்தி கற்றவன் "டப்பா காலி" என்பதை எப்படி உச்சரித்தாலும், கேட்பவர் முகத்தில் ஒரு கேள்வி எழும். ஆகவே முதல் வாரமே இந்தியின் எழுத்தான தேவநாகரியைக் கற்கத் தொடங்குங்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் வைத்தால் பத்து நாளில் கைவசமாகும்.

பயிற்சி இதுதான். இந்தி தெரிந்த ஒருவர் மூன்று "காலி"களையும் மாற்றி மாற்றி இருபது தடவை சொல்ல வேண்டும். நீங்கள் 1, 2, 3 என்று எண் மட்டும் எழுத வேண்டும். பேசக் கூடாது. எங்கள் திண்ணையில் முதல் நாள் பிள்ளைகள் இருபதுக்கு எட்டு ஒன்பதுதான் வாங்குவார்கள். இரண்டாவது வார இறுதியில் பதினெட்டு வந்துவிடும். காது திருந்திய பிறகு நாக்கு தானாகவே அதன் பின்னால் போவதைப் பல முறை கண்டிருக்கிறேன்.

அடுத்தது எண்கள். எண்ணைத் தவறாகக் கேட்கும் சிப்பாய் குண்டைத் தவறான இடத்துக்கு அனுப்பிவிடுவான். இந்தியில் நூறு வரை எண்கள் சூத்திரத்தில் அடங்காதவை. "பைந்தீஸ்" 35, "பைந்தாலீஸ்" 45. "உன்தீஸ்" 29, "உன்தாலீஸ்" 39. "பச்சீஸ்" 25, "பச்சாஸ்" 50. வரிசையாக ஒப்பிப்பதால் பயனில்லை. கலைத்துச் சொல்லச் சொல்லி, சொன்ன வேகத்தில் இலக்கமாக எழுதுங்கள். தினமும் ஐம்பது. கைப்பேசி எண், ரயில் எண், மணி, விலை எல்லாம் கலந்திருக்கட்டும்.

படி 5: வாக்கியத்தை வாயில் ஊறவைப்பது

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ராணுவம் பல்கலைக்கழகங்களில் ஆயிரக்கணக்கான வீரர்களை மொழி படிக்க வைத்தது. மொழியியலாளர் ஒருவர் இலக்கணத்தை விளக்குவார்; அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரோடு சின்னக் குழுவாக உட்கார்ந்து மணிக்கணக்கில் சொல்லிச் சொல்லிப் பழகுவார்கள். ஓர் உரையாடலை மனப்பாடம் செய்து, அதில் ஒரு சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டே போவார்கள். "எனக்கு நாளை விடுப்பு வேண்டும்", "எனக்கு இரண்டு நாள் விடுப்பு வேண்டும்", "என் தம்பிக்கு இரண்டு நாள் விடுப்பு வேண்டும்." பிற்காலத்தில் பள்ளிகளுக்குள் வந்த ஒலிநாடா வகுப்புகளில் பெரும்பகுதி இங்கிருந்து கிளைத்ததுதான்.

இதை முதல் மூன்று மாதத்துக்கு மேல் நீட்டாதீர்கள். அதற்குப் பிறகு வாய் மட்டும் ஓடும், மனம் வேறெங்கோ இருக்கும்.

படி 6: ஆசிரியரைத் தேடுதல்

பனிப்போர்க் காலத்தில் பிரிட்டன் 1951 முதல் 1960 வரை சுமார் 5,000 கட்டாயப் படைச் சேவை இளைஞர்களுக்கு ரஷ்யன் கற்பித்தது. கூல்ஸ்டன், பாட்மின், கிரெய்ல் ஆகிய இடங்களில் நடந்த அந்தப் பள்ளிகளில் நாடு விட்டு வந்த ரஷ்யர்களும் பிற கிழக்கு ஐரோப்பியர்களும் ஆசிரியர்களாக இருந்தார்கள். ரஷ்ய நாடகம் போட்டார்கள், ரஷ்யப் பாடல் பாடினார்கள். ஆசிரியர்களின் இழந்த ஊரும் இலக்கியமும் மொழியோடு சேர்ந்து மாணவர்களுக்குள் இறங்கின.

உங்களுக்கு இந்தி ஆசிரியர் வேண்டுமென்றால் திருப்பூரிலோ ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ தெருவுக்கு நால்வர் இருக்கிறார்கள். பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்து வேலை செய்பவர்கள். வாரம் மூன்று மாலை, ஒரு மணி நேரம் என்று பேசிக்கொள்ளுங்கள். நேரத்துக்குப் பணம் கொடுங்கள். பன்னிரண்டு மணி நேரம் உழைத்து வந்தவரின் ஓய்வை இலவசமாக எடுக்கக் கூடாது. அவரைப் "பையா" (இந்தியில் அண்ணா) என்று மரியாதையோடு அழையுங்கள், "ஆப்" (நீங்கள்) போட்டுப் பேசுங்கள். இலக்கணம் கேட்காதீர்கள், அதற்குப் புத்தகம் இருக்கிறது. அவர் ஊர், வீடு, அறுவடை, தங்கை திருமணம் பற்றிச் சொல்லச் சொல்லி, அவர் அனுமதியோடு ஐந்து நிமிடம் பதிவு செய்யுங்கள். அந்த ஐந்து நிமிடத்தை ஒரு வாரம் முழுவதும் கேட்டு, சொல் சொல்லாக எழுதிக்கொண்டு போய் அவரிடமே திருத்தச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் அது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதைச் செய்து பார்த்தவர்களே அறிவார்கள்.

படி 7: வட்டார வழக்கு

இந்தப் படியைப் பலர் தாண்டிப் போகிறார்கள். ராய் மட்சுமோட்டோவின் கதையைத் தெரிந்துகொண்டால் தாண்டமாட்டார்கள்.

அவர் கலிபோர்னியாவில் பிறந்து ஹிரோஷிமாவில் சில காலம் படித்தவர். லாஸ் ஏஞ்சலஸில் மளிகைச் சாமான்களை வீடு வீடாகக் கொண்டு கொடுக்கும் வேலை பார்த்தார். வாடிக்கையாளர்கள் ஜப்பானின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து குடியேறியவர்கள். கியூஷு தீவுக்காரர்களின் பேச்சு அவருக்கு அங்கேதான் பழகியது. போர் மூண்டதும் அவரை ஆர்கன்சாவில் ஒரு முள்வேலி முகாமில் அடைத்தது அவர் பிறந்த நாடு. அந்த முகாமிலிருந்தே அமெரிக்க ராணுவத்தின் மொழிப்பணிக்கு முன்வந்தார்.

1944 மார்ச், பர்மாவின் வடபகுதியில் உள்ள வலாபம். ஜப்பானியத் தொலைபேசிக் கம்பி ஒன்று தட்டுப்பட்டது. மட்சுமோட்டோ மரத்தில் ஏறி அதில் ஒட்டுக்கேட்டார். எதிரே இருந்தது கியூஷுவில் திரட்டப்பட்ட 18-ஆவது டிவிஷன். அவர்கள் தங்கள் ஊர்ப் பேச்சில் பேசிக்கொண்டார்கள். பாடப்புத்தக ஜப்பானியம் மட்டும் அறிந்தவருக்கு அது பாதி ஓசை, பாதி புதிர். மளிகைக் கூடை தூக்கியவருக்குப் புரிந்தது. வெடிமருந்துக் கிடங்கு எங்கே இருக்கிறது என்ற செய்தி அதில் இருந்தது.

அடுத்த மாதம் நபும் கா என்ற குன்றில் அவருடைய பட்டாலியன் முற்றுகைக்குள் சிக்கியது. இரவில் ஊர்ந்து ஜப்பானியர்களின் பதுங்குகுழி அருகே போய்ப் படுத்து, விடியலில் எந்தச் சரிவில் தாக்கப்போகிறார்கள் என்று கேட்டு வந்தார். அமெரிக்கர்கள் அந்தச் சரிவைக் காலி செய்து மேலே காத்திருந்தார்கள். முதல் அணி விழுந்ததும் பின்னால் வந்தவர்கள் தயங்கினார்கள். மட்சுமோட்டோ எழுந்து ஜப்பானிய அதிகாரியைப் போல் "தொட்சுகேகி!", பாயுங்கள், என்று கத்தினார். பழகிய கட்டளைக்குக் கால்கள் கீழ்ப்படிந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே மாண்டார்கள். அவருடைய சொந்தக் குடும்பத்தார் அப்போது ஹிரோஷிமாவில் இருந்தார்கள். அந்தக் கட்டளையைக் கத்திய தொண்டையில் எவ்வளவு பாரம் இருந்திருக்கும் என்று ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

எழுத்துத் தமிழ் மட்டும் கற்ற வெளிநாட்டவர் நெல்லைக்காரரின் "ஏல, எங்கல போற" என்பதைக் கேட்டுத் திகைப்பதை நாம் அறிவோம். இந்தியும் அப்படித்தான். செய்தி வாசிப்பவரின் இந்தி ஒன்று, போஜ்புரி கலந்த இந்தி ஒன்று, ஹரியானாக்காரர் பேசுவது இன்னொன்று. நான்காவது மாதத்திலிருந்து வாரம் ஒரு மணி நேரம் ஏதாவது ஒரு வட்டாரப் பேச்சைக் கேளுங்கள். பேச வேண்டாம், கேட்டால் போதும்.

படி 8: கேட்டதை அறிக்கையாக்குதல்

உளவுப் பயிற்சி என்றதும் மக்கள் மாறுவேடத்தை நினைக்கிறார்கள். அதன் அடித்தளம் ஒரு நோட்டுப் பழக்கம்: கேட்டது, ஊகித்தது, தெரியாதது மூன்றையும் கலக்காமல் எழுதுவது.

நாக்பூர் நிலையத்தில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒலிபெருக்கியில் புதுதில்லியிலிருந்து சென்னை வரும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸைப் பற்றிய அறிவிப்பு: "காடி சங்க்யா ஏக் தோ சே தோ தோ… தோ கண்டே தேரீ சே… பிளாட்ஃபார்ம் தீன் பர்…" நடுவில் ஒரு சரக்கு ரயில் கடந்து சில சொற்களை விழுங்கிவிட்டது.

பழக்கமில்லாதவர் "ரயில் இரண்டு மணி நேரம் தாமதம், மூன்றாவது பிளாட்பாரத்துக்கு மாற்றிவிட்டார்கள்" என்பார். பழகியவரின் நோட்டு வேறுவிதமாக இருக்கும். கேட்டது: எண் 12622; இரண்டு மணி நேரம் தாமதம்; பிளாட்பாரம் 3. ஊகித்தது: வழக்கமான பிளாட்பாரத்திலிருந்து மாற்றியிருக்கலாம். தெரியாதது: "மாற்றம்" என்ற சொல் வந்ததா, இரைச்சலில் போனதா, இரண்டு மணி நேரம் எந்த நிலையத்துக் கணக்கு.

முன்னவர் பொய் சொல்லவில்லை. ஆனால் தன் ஊகத்தைக் காதால் கேட்டதாக்கிவிட்டார். படையில் அந்த ஒரு வரி மேலே போகப் போக உறுதியான செய்தியாகிவிடும். அதை நம்பி ஒரு பிளாட்டூன், அதாவது ஒரு சிறு படையணி, நகரும். தினமும் ஆகாசவாணி இந்திச் செய்தியில் இரண்டு நிமிடம் கேட்டு இப்படி மூன்று கட்டமாக எழுதுங்கள். பிறகு அதே செய்தியைத் தமிழ் அறிக்கையில் கேட்டுச் சரிபாருங்கள். மூன்றாவது கட்டம் வெறுமையாக இருக்கும் நாள்களில் உங்கள் மேல் சந்தேகப்படுங்கள்.

படி 9: எதிரே இருப்பவர் மனிதர்

ஷெர்வுட் மொரன் நெடுங்காலம் ஜப்பானில் வாழ்ந்த அமெரிக்கப் பாதிரியார். போரில் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் மேஜராகச் சேர்ந்து, பசிபிக் தீவான குவாடல்கனாலில் ஜப்பானியக் கைதிகளை விசாரித்தார். 1943-இல் மற்ற உரைபெயர்ப்பாளர்களுக்காக அவர் எழுதிய குறிப்பு அமெரிக்க ராணுவ வட்டாரங்களில் இன்றும் பேசப்படுகிறது. கைதியை முதலில் காயம் பற்றிக் கேளுங்கள், சாப்பிட்டாயா, குளிர்கிறதா என்று கேளுங்கள், எதிரியாக நடத்தாமல் துன்பப்பட்ட மனிதனாக நடத்துங்கள் என்பது அதன் சாரம். மொழித்திறனைவிட மனப்பாங்கு முக்கியம் என்றும், ஆனால் மொழி தெரியாமல் அந்த மனப்பாங்கைக் காட்டவே முடியாது என்றும் அவர் கண்டார். மிரட்டிப் பெற்ற பதிலைவிட, ஊரைப் பற்றியும் தாயைப் பற்றியும் பேசும்போது தானாக வரும் பதிலே பயன்பட்டது.

ஆகவே உங்கள் சொற்பட்டியலின் முதல் ஐம்பதில் நலம் விசாரிக்கும் சொற்கள் இருக்கட்டும். பெரியப்பாவுக்கு மருத்துவமனையில் இல்லாமல் போனவையும் இவைதான்: வலி, காய்ச்சல், தலைசுற்றல், எப்போதிலிருந்து, தண்ணீர் வேண்டும்.

படி 10: வாராந்தரச் சோதனை

பிரிட்டனின் ரஷ்யன் பள்ளிகளில் அடிக்கடி தேர்வு வைத்தார்கள். தேறாதவரைப் பழைய படைப்பிரிவுக்கே திருப்பி அனுப்பினார்கள். உங்களை யாரும் திருப்பி அனுப்பப்போவதில்லை. அதனால் சோதிப்பவர் நீங்களாக இருக்கக் கூடாது. புதிய ஒலித்துண்டை நண்பர் தேர்ந்தெடுக்கட்டும், கேள்விகளை அவரே கேட்கட்டும். மான்டரேயில் படித்து முடித்த வீரர்களும் திறன் மங்காதிருக்கக் காலமுறைப்படி மீண்டும் தேர்வு எழுதுகிறார்கள்.

இதையே பணியாக்க நினைப்பவர்களுக்கு

பாதுகாப்பு அமைச்சகத்தின்கீழ் தில்லியில் 1948 முதல் அயல்மொழிகள் பள்ளி இயங்குகிறது. ராணுவக் கல்விப் பிரிவுக்கு மத்தியப் பிரதேசத்தின் பச்மடியில் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது; அங்கே அயல்மொழி வகுப்புகள் நடக்கின்றன. லடாக் எல்லையில் உள்ள சுஷூல்–மோல்டோ சந்திப்பிடத்தில் இந்தியத் தளபதிகளும் சீனத் தளபதிகளும் 2020 முதல் மணிக்கணக்கில் பேசியபோது, சீனம் அறிந்த படையினரின் அருமை எல்லோருக்கும் புரிந்தது. 2023-இல் ராணுவம் அசாமின் தேஜ்பூர் பல்கலைக்கழகத்தோடு 16 வாரச் சீன மொழி வகுப்புக்கு ஒப்பந்தம் செய்தது. கூர்க்கா படைப்பிரிவில் சேரும் அதிகாரி தன் வீரர்களின் மொழியைக் கற்க வேண்டும் என்பது நெடுநாள் மரபு. படைக்குப் போகும் தமிழ்ப் பிள்ளை இந்தியோடு நிற்காமல் இன்னொரு மொழிக்கும் கை நீட்டலாம். வகுப்புகள் இருக்கின்றன, ஆள் தேவையும் இருக்கிறது.

முதல் வாரம்

திங்கள்: நோக்கத்தை ஒரு வரியில் எழுதி, கேட்டல், படித்தல், பேச்சுக்கு மூன்று எண்கள் போடுங்கள். செவ்வாய், புதன்: ஒரு மணி நேரம் எழுத்து, அரை மணி நேரம் "காலி" பயிற்சி, அரை மணி நேரம் எண்கள். வியாழன்: உடல்நிலை பற்றிய இருபது சொற்கள், ஒவ்வொன்றையும் சொல்லும்போது அந்த இடத்தைக் கையால் தொடுங்கள். வெள்ளி: பேசக் கிடைக்கும் ஒருவரைத் தேடிப் போய், நேரமும் தொகையும் பேசிவிட்டு வாருங்கள். சனி: இரண்டு நிமிடச் செய்தி, மூன்று கட்ட அறிக்கை. முதல் கட்டத்தில் நான்கு சொற்கள்தான் இருக்கும், அப்படியே வைத்திருங்கள். ஞாயிறு: நண்பர் ஐம்பது எண்களைக் கலைத்துச் சொல்லட்டும். எத்தனை சரி என்று எண்ணி, தேதியோடு முதல் பக்கத்தில் அந்த மூன்று எண்களுக்குக் கீழே எழுதுங்கள்.